மலேசியாவில் ஆட்சி நிலைக்கவும் ஆள்பவர்கள் நமக்குப் பதில் சொல்லவும் எந்தச் சீர்திருத்தம் முதலில் வேண்டும்?

கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: 'கட்சித் தாவல் தடைச் சட்டம்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன குறை?' அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாவுகிறவரைப் பிடிக்கச் சட்டம் போட்டோம். தாவினால் என்ன கிடைக்கும் என்பதைத் தொடவே இல்லை. அதனால் முதலில் வேண்டியது, தொகுதி மேம்பாட்டு ஒதுக்கீட்டை எல்லா உறுப்பினர்களுக்கும், எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல், சமமாகக் கொடுக்கச் சொல்லும் ஒரு சட்டம். அதற்கு அடுத்தது, 1965-லிருந்து நின்றுபோயிருக்கும் ஊராட்சித் தேர்தல், அதாவது நகர, மாவட்ட மன்றங்களுக்கான தேர்தல். பிரதமருக்குப் பதவிக்கால வரம்பு, சட்டத்துறைத் தலைவர் பதவியையும் வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தையும் பிரிப்பது, கட்சிகளுக்கு வரும் பணத்துக்குக் கணக்கு கேட்பது எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கேட்டது 'முதலில் எது' என்று.

நான் இருப்பது பேராக்கில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டப்புற டவுன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரே கடைத்தெரு, ஒரு பெட்ரோல் நிலையம், தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், சுற்றிலும் செம்பனை. அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நான் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்குப் பல வருடம் செயலாளராக இருந்தேன். அரசியல் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சங்கத்தின் ஒரே ஒரு கோப்பு வழியாகத்தான்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. அடித்துப் பெய்தால் தண்ணீர் ஏறி கேன்டீனுக்குள் வந்துவிடும். 2018 மே 9 தேர்தலில் அறுபது வருட ஆட்சி கவிழ்ந்ததே, அந்தச் சூட்டோடு முதல் கடிதம் எழுதினேன். மத்தியில் போலவே மாநிலத்திலும் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி ஆட்சி. புதிதாக நியமிக்கப்பட்ட ஊராட்சி மன்ற உறுப்பினர் வந்தார், படம் எடுத்தார், டேப் வைத்து அளந்தார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். 2020 பிப்ரவரி கடைசியில் ஷெரட்டன் ஹோட்டலில் உறுப்பினர்கள் கூடி ஆட்சியைக் கவிழ்த்த அந்தக் கூத்து நடந்தது. மார்ச்சில் பேராக் ஆட்சியும் மாறியது; மந்திரி பெசார் (மாநில முதல்வர்) அதே ஆள், கூட்டணி மட்டும் வேறு. எங்கள் உறுப்பினர் போய்விட்டார். அவரோடு அளந்த தாளும் போய்விட்டது. இரண்டாவது கடிதம். அதே வருடம் டிசம்பரில் மந்திரி பெசாரும் மாறினார். மூன்றாவது கடிதம். 2022 நவம்பர் பொதுத்தேர்தலுக்குப் பிறகு நாலாவது. நாலு கடிதத்திலும் கால்வாயின் நீளம் மாறவில்லை, பெறுநர் பெயர்தான் மாறியது.

வந்தவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் தன் சொந்தக் காசில் பள்ளிக்கு ரெண்டு லாரி மண் அடித்துக் கொடுத்தார். ஆனால் அவர்களை அனுப்பியது நாங்கள் இல்லையே. 1976-ஆம் வருட ஊராட்சிச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சி மன்றத்திலும் 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது, அதிகபட்சம் மூன்று வருடத்துக்கு. கட்சிகள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்கின்றன. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மண்டோர் (கங்காணி) காலையில் பெரட்டில், பெயர் கூப்பிடும் இடத்தில், நம்மோடுதான் நின்றார், நம் மொழிதான் பேசினார், ஆனால் அவர் பதில் சொன்னது தோட்டத் துரைக்கு.

சரி, தாவலுக்கு வருவோம். பேராக்காரர்களுக்கு இதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2008-ல் 59 இடங்களில் 31 பிடித்து, அன்றைய எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ராக்யாட் இங்கே ஆட்சி அமைத்தது. 2009 பிப்ரவரியில் மூன்று பேர் விலகினார்கள், ஆட்சி போயிற்று. மே 7-ஆம் தேதி சபாநாயகர் வி. சிவகுமாரை மன்றத்திலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போனதை டிவியில் பார்த்து அம்மா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார். யார் முறையான மந்திரி பெசார் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது 2010 பிப்ரவரியில். ஒரு வருடம்!

இதோடு 2020 டிசம்பர் 4-ஐ வைத்துப் பாருங்கள். அதே பேராக் சட்டமன்றம். மந்திரி பெசாரே தன்மேல் நம்பிக்கைத் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரவு 10, எதிர்ப்பு 48, செல்லாத ஓட்டு 1. ஒரு வாரத்தில் புதியவர் பதவியேற்றார். அடிதடி இல்லை, வழக்கு இல்லை. வித்தியாசம் ஆட்களில் இல்லை. 2009-ல் தலைகளை மன்றத்துக்கு வெளியே எண்ணினார்கள், 2020-ல் உள்ளே எண்ணினார்கள்.

அம்மா தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுக்கும்போது தராசை விட்டு நகரமாட்டார். கணக்கெழுதும் கிராணி நல்லவர்தான், 'போம்மா, நான் எழுதிக்கிறேன்' என்பார். அம்மா நிற்பார். உறுப்பினர்கள் கையெழுத்திட்ட சத்தியப் பிரமாணக் கடிதங்களை ஹோட்டல் அறையில் அடுக்கிவைத்து 'எனக்குப் பெரும்பான்மை இருக்கிறது' என்று ஒவ்வொருவரும் சொன்னபோதெல்லாம் எனக்கு அந்தத் தராசுதான் ஞாபகத்துக்கு வந்தது. 2020 மே 18 நாடாளுமன்றம் ஒரே நாள் கூடியது, மாமன்னர் உரையோடு கலைந்தது, விவாதம் கிடையாது. அடுத்த வருடம் அவசரகாலம் அறிவித்து மாதக்கணக்கில் கூட்டவே இல்லை. பிரதமர் மாறினால் இத்தனை நாளுக்குள் மக்களவையில் ஓட்டெடுப்பு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால் முடிந்தது. பெரும்பான்மை யாருக்கு என்று பார்த்துப் பிரதமரை நியமிக்கும் அரண்மனையை இந்தப் பேச்சில் இழுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் எண்ணிக்கை மன்றத்திலேயே தெளிவாகிவிட்டால் அரண்மனைக்கும் அந்தச் சுமை குறையும் என்றுதான் நினைக்கிறேன்.

தாவல் தடைச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. கிளந்தான் மாநிலம் முன்பே ஒன்று போட்டது. சங்கம் சேரும் உரிமைக்கு முரண் என்று 1992-ல் நாட்டின் அன்றைய உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதனால்தான் அரசியலமைப்பையே திருத்த வேண்டியதாயிற்று. 2022 ஜூலை 28-ல் மக்களவையில் 209 பேர் ஆதரித்தார்கள், அக்டோபரில் நடப்புக்கு வந்தது. ஒரு கட்சியில் ஜெயித்துவிட்டு விலகினாலோ வேறு கட்சியில் சேர்ந்தாலோ இடம் காலி. ஆனால் கட்சி நீக்கினால் இடம் போகாது. ஒரு கட்சி மொத்தமாகக் கூட்டணி மாறினாலும் போகாது. அப்புறம் மூன்றாவது ஓட்டை ஒன்று இருக்கிறது, அதை எங்கள் பக்கத்துத் தொகுதிதான் காட்டியது. 2023 அக்டோபரில் கோலகங்சார் நாடாளுமன்ற உறுப்பினர், எதிரணியான பெர்சத்து கட்சியில் இருந்துகொண்டே, பிரதமருக்கு ஆதரவு என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர். சொன்ன காரணம், தொகுதி மக்களின் நலன், ஒதுக்கீடு. கட்சி அவர்களுடைய இடங்களைக் காலி என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்டது; 2024-ல் சபாநாயகர் காலியில்லை என்றார்.

அவர்களைத் திட்டுவது சுலபம். எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. எதிரணியில் இருப்பவர் கையில் ஒதுக்கீடு இல்லாதபோது அவரிடம் போய் நின்றிருக்கிறேன், அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். 'உங்க கால்வாய் நியாயமானதும்மா, என்கிட்ட பணம் இல்லை' என்று சொல்லும் ஒரு மக்கள் பிரதிநிதி எதற்கு? அவருக்கு ஓட்டுப் போட்ட குற்றத்துக்காகத் தண்டனை அனுபவிப்பது கேன்டீனில் கால் நனைக்கும் பிள்ளைகள். இதே ஆயுதத்தை எல்லாக் கூட்டணியும் தன் முறை வரும்போது எடுத்திருக்கிறது.

வேறு மாதிரியும் முடியும் என்பதற்கு ஒரு வருடச் சாட்சி இருக்கிறது. 2021-ல் பிரதமர் இஸ்மாயில் சப்ரிக்கு மிக மெல்லிய பெரும்பான்மை. செப்டம்பர் 13-ஆம் தேதி அவர் எதிரணி பக்காத்தானோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார். எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் சம ஒதுக்கீடு, தாவல் தடைச் சட்டம், 18 வயதில் ஓட்டு ஆகியவை அதில் இருந்தன. அந்த அரசு அடுத்த வருடம் அக்டோபரில் தானே கலைக்கும்வரை கவிழவில்லை. ஆட்களை வாங்காமலேயே ஓர் ஆட்சி நின்றது. குறை என்னவென்றால், அது இரண்டு கூட்டணிகளுக்கு நடுவே போட்ட காகிதம். தேர்தல் முடிந்ததும் காலாவதி. அதற்குப் பிறகு வந்த எதிரணிக்கு, 'பேச வாருங்கள், கையெழுத்துப் போடுங்கள்' என்ற பதில்தான். சம்பளத்தைப் போல, கேட்காமலே வரவேண்டிய ஒன்றைப் பேரம் பேசும் பொருளாக்கி வைத்திருக்கிறோம்.

'நிலையான ஆட்சி வேண்டும்' என்று மட்டும் சொல்பவர்களிடம் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். 2018 வரை நிலையாகத்தான் இருந்தது. நிலையாக இருந்தபோதே எங்கள் தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டது, லயங்கள் காலியாயின, ஒன் எம்டிபி அரசு நிதி ஊழலும் அந்த நிலைத்தன்மைக்குள்தான் நடந்தது.

ஊராட்சித் தேர்தல் புதுக் கனவு இல்லை. ஜார்ஜ்டவுனில் 1951-லேயே, நாட்டுக்குச் சுதந்திரம் வரும் முன்பே, நகராண்மைக் கழகத் தேர்தல் நடந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965-ல் நிறுத்தினார்கள். அதை ஆராய அமைத்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? செனட்டர் ஆதி நாகப்பன், நம்ம ஆள். 1968-ல் அவருடைய ஆணையம் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி அறிக்கை கொடுத்தது. அரசு ஏற்கவில்லை, 1976 சட்டத்தில் கதவைச் சாத்திவிட்டது. பினாங்கு மாநிலம் 2012-ல் தானாகச் சட்டம் இயற்றிப் பார்த்தது, 2014-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது. ஆக, நாடாளுமன்றம் திருத்தினால்தான் உண்டு.

நகரங்கள் ஓர் இனத்தின் கைக்குப் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் அறுபதுகளின் நகரங்களை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். இன்றைய கணக்கு வேறு. எனக்கு அதைவிடக் கனமாகப் படுவது நம் பக்கத்து எதிர்ப்பு. நியமனம் என்றால் கட்சிப் பங்கில் ஓர் இந்தியர் வந்துவிடுகிறார். தேர்தல் என்றால் சிதறிக் கிடக்கும் நம்மில் ஒருவர்கூட ஜெயிக்காமல் போகலாமே? கோயில் கூட்டத்தில் ஒரு அண்ணன் இதைக் கேட்டார், உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், வட்டாரம் வட்டாரமாகப் பிரித்தால் எங்கள் டவுன் மாதிரி இடங்களில் நம் ஓட்டு ஒன்றாகத்தான் இருக்கிறது. சிதறிய இடங்களில், 300 தமிழ் ஓட்டு இல்லாமல் ஜெயிக்க முடியாத மலாய்க்காரரோ சீனரோ அந்தக் கால்வாயைப் பார்க்க வருவார். அப்படியும் பயமென்றால் முதல் இரண்டு தவணைக்கு மூன்றில் இரண்டு பங்கு தேர்தல், ஒரு பங்கு நியமனம் என்று வைத்துக்கொள்ளலாம். பணம் விளையாடும் என்பதும் உண்மைதான். இப்போது மட்டும் விளையாடவில்லையா என்ன? அப்போதாவது மூன்று வருடத்தில் அனுப்பிவைக்கலாம்.

எங்கள் தெருவில் எண்பது தாண்டிய ஒரு தாத்தா இருக்கிறார். அறுபதுகளின் தொடக்கத்தில் டவுன் கவுன்சிலுக்கு ஓட்டுப் போட்டதாகச் சொல்வார். ஜெயித்தவர் ஒரு தையல்காரர். 'தண்ணி வரலைன்னா அந்த ஆளு தைக்கக் கொடுத்த சட்டைய வாங்கப் போற சாக்குல போய்க் கேட்போம். ரெண்டு தடவ கேட்டும் வரலைன்னா சட்டையவே வேற கடைக்குக் கொண்டு போயிருவோம்' என்று சிரிப்பார்.

கால்வாய் இப்போது பாதி ஆகியிருக்கிறது. பள்ளி வேலிவரை சிமெண்ட் போட்டுவிட்டார்கள். அதற்கு அப்பால் வேறொரு துறையின் நிலமாம். ஐந்தாவது கடிதத்தைப் புதிய செயலாளர் எழுதிக்கொண்டிருக்கிறார். பழைய நாலின் நகலையும் அவரிடம் கொடுத்துவிட்டேன்.