மேலே உப்புத் தூவுவதை நிறுத்தியும் பிபி இறங்கவில்லையா?

வணக்கம். மூன்று வாரமாகச் சாப்பாட்டில் உப்புத் தூவுவதை நிறுத்தியும், ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நடந்தும் ரத்த அழுத்தம் 146/92-லேயே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் தூவியது சிறு பங்காகத்தான் இருக்கும். மிச்சமெல்லாம் சமையலிலும் பாக்கெட் உணவிலும் ஒளிந்திருக்கிறது. ரொட்டி, சாஸ், சிப்ஸ், நூடுல்ஸ் என்று ஒவ்வொன்றின் லேபிளையும் திருப்பிப் பாருங்கள். சோடியம் என்று போட்டிருந்தால், அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்கும் கீழே. ஒரு டீஸ்பூன்கூட இல்லை. இனிப்பு பிஸ்கட்டிலும் சோடியம் இருப்பதைப் பார்த்து நானே அசந்துபோனேன். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, சில பிபி மாத்திரைகள் எடுத்தாலோ அது ஆபத்து.

சரி, நடை. ஒரே நாளில் மொத்தமாக நடப்பதைவிட வாரத்தில் 5 நாள், தினம் 30 நிமிடம் நடப்பது நல்லது. பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம்.

அப்புறம், எப்படி அளக்கிறீர்கள்? அதற்கு அரை மணி முன்பிருந்தே காபி, சிகரெட் வேண்டாம். 5 நிமிடம் சும்மா சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளங்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். முதுகுவலிக்கு அடிக்கடி மாத்திரை போடுவதாகச் சொன்னீர்களே, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை.