அப்பா ‘வாங்கிய’ பாட்டெல்லாம் யாருக்கு?

ஒரு வாசகியின் கேள்வி: “என் அப்பாவுக்கு 74 வயது. 2006-லிருந்து ஆப்பிள் கணக்கில் காசு கொடுத்துப் பாடல்களும், பிறகு படங்களுமாக வாங்கிச் சேர்த்திருக்கிறார். அது போக முந்நூறு சிடி, ஐம்பது அறுபது டிவிடி, ஒரு பெட்டி நிறைய கேசட். ‘இப்ப எல்லாமே போன்ல வருது, தூக்கிப் போடு’ என்கிறான் தம்பி. தங்கை வேறு நாட்டில் இருக்கிறாள், தனக்கும் வேண்டும் என்கிறாள். அப்பாவுக்குப் பிறகு அந்தக் கணக்கை என் பெயருக்கு மாற்ற முடியுமா? இனிமேல் எப்படி வாங்குவது நல்லது?”

முதலில், தம்பியின் கைக்கு எட்டாத இடத்தில் அந்தப் பெட்டிகளை வையுங்கள். அப்பா சேர்த்ததில் எந்தச் சந்தேகமும் இல்லாமல் உங்களுக்கு வரக்கூடியது அவைதான். போனில் இருப்பதில் பாதி வரும், பாதி வராது.

அப்பாவின் கணக்கில் இருப்பதைப் பற்றிச் சொல்கிறேன். கடையில் ஒரு சிடி வாங்கினால் அந்தத் தட்டு உங்களுடையது. கேட்கலாம், விற்கலாம், தானம் கொடுக்கலாம், பேரனுக்கு எழுதி வைக்கலாம். இணையக் கடையில் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்தும்போது கிடைப்பது அது அல்ல. இன்னார், இந்தக் கணக்கின் வழியே, இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கேட்கலாம், பார்க்கலாம் என்ற உரிமம் மட்டுமே. உரிமம் ஆள் பெயரில் இருப்பது, ஆளோடு முடிவது. பழைய சிடியை விற்பதுபோல் வாங்கிய பாடல் கோப்பையும் விற்கலாம் என்று ரீடிஜி என்ற நிறுவனம் ஒரு சந்தை நடத்திப் பார்த்தது. 2018-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. கோப்பை இன்னொருவருக்கு அனுப்புவதே புதிதாக ஒரு நகல் எடுப்பதுதான் என்பது நீதிமன்றம் சொன்ன காரணம்.

கணக்கு மாற்றுவது பற்றிய கேள்விக்கு ஆப்பிளின் பதில் நேரடியாகவே இருக்கிறது. கணக்குக்காரர் காலமான பிறகு திறந்து பார்க்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் வசதியை 2021 டிசம்பரில் கொண்டுவந்தார்கள். நியமிக்கப்பட்டவருக்குப் புகைப்படங்கள், கடிதங்கள், குறிப்புகள் எல்லாம் கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய படம், பாடல், புத்தகம் கிடைக்காது. இருந்தாலும் அப்பாவின் போனில் உங்கள் பெயரை நியமித்து வையுங்கள், புகைப்படங்களுக்காகவாவது.

சரி, உயிரோடு இருப்பவருக்காவது அந்த உரிமம் நிலையானதா? அதுவும் இல்லை. 2022-இல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிளேஸ்டேஷன் கடையில் ஒரு பட நிறுவனத்தின் படங்களை ‘வாங்கி’ வைத்திருந்தவர்களுக்கு, உரிம ஒப்பந்தம் முடிந்ததால் அவை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. பெரிய ஸ்டுடியோக்கள் சேர்ந்து நடத்திய, வாங்கிய படங்களைச் சேர்த்து வைக்கும் அல்ட்ராவயலெட் என்ற இணையப் பெட்டகம் 2019 ஜூலையோடு மூடப்பட்டது. யாகூ தன் பாட்டுக் கடையை 2008-இல் மூடியபோது, கோப்புகளின் பூட்டை (அனுமதியில்லாத கருவியில் ஓடவிடாத கட்டுப்பாட்டை) திறக்கும் சர்வரையும் சேர்த்தே நிறுத்தியது.

இந்த ஏமாற்றத்தைப் பார்த்துத்தான் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது. வெறும் உரிமத்தை விற்கும்போது, அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2025 ஜனவரி முதல் அங்கே விதி. அதில் எனக்குப் பிடித்தது ஒரு விதிவிலக்கு. இணையம் இல்லாமலே நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி பதிவிறக்கித் தரப்படும் பொருளுக்கு அந்த எச்சரிக்கை தேவையில்லை. நீங்கள் எங்கே இருந்தாலும், காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி அந்த விதிவிலக்கிலேயே இருக்கிறது: இந்தக் கடை நாளைக்கு மூடினால், என் கணக்கு முடங்கினால், இது ஓடுமா?

அந்தக் கேள்வியைப் பாடலிடம் கேட்டால் பெரும்பாலும் ‘ஓடும்’ என்று பதில் வரும். படத்திடம் கேட்டால் அநேகமாக எப்போதுமே ‘ஓடாது’தான். காரணம் வரலாற்றில் இருக்கிறது. 2003-இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை திறந்தபோது பாடல்களுக்கும் பூட்டு இருந்தது. அமேசான் 2007-இல் பூட்டில்லாத எம்பி3 விற்க ஆரம்பித்தது. 2009-இல் ஆப்பிளும் பாடல்களின் பூட்டைக் கழற்றியது. திரைப்பட நிறுவனங்கள் மட்டும் இன்றுவரை அசையவில்லை.

ஆகவே ஒரு விடுமுறை நாளில் அப்பாவோடு கணினி முன் உட்காருங்கள். போனில் அல்ல, கணினியில். ஆப்பிளின் பாட்டுச் செயலியில் அவர் கணக்கில் நுழைந்து, வாங்கிய பாடல்கள் அனைத்தையும் பதிவிறக்குங்கள். பிறகு கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பெயரின் கடைசியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எம்4ஏ என்று முடிந்தால் நிம்மதி. அது பூட்டில்லாத 256 கேபிபிஎஸ் (நொடிக்கு 256 கிலோபிட்) கோப்பு, அநேகமாக எந்தக் கருவியிலும் ஓடும். வாங்கியவரின் கணக்குப் பெயர் உள்ளே பதிந்திருக்கும் என்பதால், கண்ட இடத்தில் ஏற்றினால் யாருடையது என்று தெரிந்துவிடும். எம்4பி என்று முடிந்தால் பூட்டு உண்டு. 2009-க்கு முன் வாங்கியவற்றில் சில அப்படி இருக்கலாம். அவற்றை அதே செயலியில் ஆடியோ சிடியாக எழுதி, அந்தச் சிடியிலிருந்து திரும்ப நகலெடுக்கலாம். கடை ஆரம்பத்திலிருந்தே அனுமதித்த வழி அது. ஐடியூன்ஸ் மேட்ச் என்ற சந்தாவும் பூட்டில்லாத பிரதியைத் தரும்.

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். அப்பா ஆப்பிள் மியூசிக் சந்தாவும் கட்டினால், சந்தாவில் இறக்கிய பாடல்களும் எம்4பி என்றே இருக்கும். அவை வாங்கியவை அல்ல, வாடகை. சந்தா நின்ற நாளில் மௌனமாகிவிடும். ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாடலும் அப்படியே: முப்பது நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணையாவிட்டால் அழிந்துபோகும். ‘டவுன்லோடு பண்ணி வெச்சிருக்கேன்’ என்று யாராவது சொன்னால் நான் உடனே கேட்பது, ‘எதிலிருந்து?’

படங்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. அப்பா இருக்கும்வரை ஆப்பிளின் குடும்பப் பகிர்வில் உங்களைச் சேர்த்துக்கொண்டால் அவர் வாங்கிய பெரும்பாலான படங்களை நீங்களும் பார்க்கலாம். அதற்கு மேல் அந்தப் பட்டியலைச் சொத்தாக நினைக்காதீர்கள். தங்கைக்கு இதுவும் உதவாது. வாங்கியதைப் பகிர எல்லோரின் கணக்கும் ஒரே நாட்டுக் கடையில் இருக்க வேண்டும்.

இனி பெட்டிக்கு வருவோம். முந்நூறு சிடி என்றால் மலைப்பாக இருக்கும், ஆனால் வேலை மலை அல்ல. வேண்டியது யுஎஸ்பியில் செருகும் ஒரு சிடி டிரைவ். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி என்ற மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. நீங்கள் எடுத்த நகலின் சரிபார்ப்பு எண்ணை, அதே சிடியை உலகில் வேறு யாரோ எடுத்தபோது கிடைத்த எண்ணோடு அவை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் கீறல் எதுவும் நகலில் ஏறவில்லை என்று அர்த்தம். முகம் தெரியாத யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து அப்பாவின் அதே சிடியைப் பொறுமையாக நகலெடுத்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதுமே ஒரு சின்னச் சந்தோஷம்.

ஃபிளாக் வடிவத்தில் சேமியுங்கள். 2001-இல் வந்த இலவச வடிவம். சிடியில் உள்ள ஒலியை ஒரு துளியும் இழக்காமல், ஏறக்குறைய பாதி அளவுக்குச் சுருக்கும். வீட்டில் எல்லாமே ஆப்பிள் கருவிகள் என்றால் அதேபோல் இழப்பில்லாத ஆப்பிளின் அலாக் வடிவம் வசதி. பின்னால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழப்பில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். ஒரு சிடி முந்நூறு, நானூறு எம்பி ஆகும். மொத்தச் சேகரிப்பும் நூறு ஜிபியைச் சுற்றித்தான் வரும். விரல் நகம் அளவு மெமரி கார்டில் அடங்கிவிடும். பெயர் விவரங்களை மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட் என்ற செயலி தானாகத் தேடி நிரப்பும். நம் மொழிப் பாடல்களுக்கு அது கொஞ்சம் திணறும். ஒரே பாடகர் நாலு விதமான எழுத்துக்கூட்டலில் நாலு ஆளாக நிற்பார். அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். தமிழிலேயே தட்டெழுதிவிடுங்கள், பிற்பாடு தேடுவது எளிது.

ஒரு வரிசை முக்கியம். கடையில் வாங்கிய சிடி அச்சில் அழுத்தி எடுத்தது, இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்கும். வீட்டில் ‘எழுதிய’ சிடி அப்படியல்ல. அதில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில், வெளிச்சத்திலும் வெப்பத்திலும் அது மங்கும். பளபளப்புக்குப் பதிலாக அடிப்பக்கம் நீலமாகவோ பச்சையாகவோ தெரிந்தால், மேலே பேனாவால் எழுதியிருந்தால், அதை முதலில் எடுங்கள். அதற்கும் முன்னால் கேசட்டுகள். கேசட்டில் குறுக்கு வழி இல்லை. ஒரு மணி நேர நாடாவுக்கு ஒரு மணி நேரம் ஓட விட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும், கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். கடையில் வாங்கிய கேசட்டுகளை விட்டுவிடுங்கள். அவற்றின் பாடல்கள் வேறு எங்காவது நல்ல தரத்தில் கிடைக்கும். வீட்டில் பதிந்தவற்றுக்கு மட்டும் நேரம் செலவிடுங்கள்.

டிவிடியை நகலெடுப்பது சட்டப்படி வேறு சமாச்சாரம். சிடியில் பூட்டு கிடையாது, டிவிடியில் உண்டு. அந்தப் பூட்டை உடைப்பதைப் பல நாடுகளின் சட்டம் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது, சொந்தத் தட்டாக இருந்தாலும். பூட்டில்லாததை வீட்டு உபயோகத்துக்கு நகலெடுப்பதிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு: ஜெர்மனி 1965-லேயே அதை அனுமதித்து, கருவிகளின் மேல் கட்டணம் வசூலித்துக் கலைஞர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது, பிரிட்டன் 2014-இல் அனுமதித்தது, அடுத்த ஆண்டே நீதிமன்றம் ரத்து செய்தது. உங்கள் நாட்டுச் சட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். டிவிடியைப் பொறுத்தவரை என் யோசனை எளிது: தட்டைப் பத்திரமாக வையுங்கள், நல்ல நிலையில் உள்ள ஒரு பிளேயரையும் கூடவே வையுங்கள்.

தங்கைக்கு டிவிடி அனுப்புவதானால் பகுதி எண்ணைக் கவனியுங்கள். உலகைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியின் தட்டு மற்றதில் ஓடாதபடி செய்திருக்கிறார்கள். கணினியின் டிவிடி டிரைவில் இந்த எண்ணை ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு நிலைத்துவிடும். 4கே புளூரேயில் இந்தத் தொல்லை இல்லை.

சிடிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை அவளிடமே கொடுத்துவிடலாம். அதை எந்த நிறுவனமும் தடுக்க முடியாது. கொடுத்த சிடியின் நகலை நீங்கள் வைத்துக்கொள்வது மட்டும் பல நாடுகளில் சரியல்ல. ஒரே சந்தாவை இரண்டு நாட்டில் பகிரும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். குடும்பத் திட்டங்கள் பொதுவாக ஒரே முகவரியில் வசிப்பவர்களுக்குத்தான், நெட்ஃபிளிக்ஸும் 2023-லிருந்து கடவுச்சொல் பகிர்வில் கறாராகிவிட்டது. அதைவிட, பாடல் பட்டியலைப் பகிருங்கள். அவள் வேறு சேவையில் இருந்தாலும் சவுண்டீஸ் போன்ற தளங்கள் பட்டியலை மாற்றித் தரும். அப்பா தேர்ந்த நாற்பது பாடல்களின் பட்டியல், முந்நூறு சிடியின் நகலைவிட அதிகம் கேட்கப்படும் என்பது என் அனுபவம்.

நகல் எடுத்தபின் காப்பது. இதில் நான் சூடு பட்டவன். இரண்டு வருடம் உட்கார்ந்து சேர்த்ததெல்லாம் ஒரே ஹார்டு டிஸ்கில் இருந்தது. ஒரு காலை ‘டக் டக்’ என்று சத்தம் வந்தது, அவ்வளவுதான். முழுவதையும் மறுபடி எடுத்தேன். சிடிகளைத் தூக்கிப் போடாமல் இருந்ததால்தான் அது முடிந்தது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளியே இருப்பது தம்பி வீட்டில் இருக்கட்டும், அவரும் பொறுப்பில் சேர்ந்துகொள்வார்.

ஒலித்தரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எப்படியும் யாராவது பயமுறுத்துவார்கள். 256 கேபிபிஎஸ் கோப்பையும் சிடியையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறிவது பெரும்பாலானோரால் முடியாது. ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டால் போகும் வழியில் அது பொதுவாக இன்னொரு முறை சுருக்கப்படுகிறது. இழப்பில்லாத வடிவம் காதுக்காக அல்ல, நாளை வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டி வந்தால் மூலம் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக.

இனி வாங்குவதற்கு: ஒருமுறை பார்க்கும் படத்துக்கு வாடகையோ சந்தாவோ போதும், ‘வாங்கு’ பொத்தானுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். திரும்பத் திரும்பப் பார்க்கும் படம் என்றால் தட்டாக வாங்குங்கள். பாடலைக் கோப்பாகத் தரும் கடையில் வாங்குங்கள்; பேண்ட்கேம்ப், கோபஸ் இரண்டிலும் ஃபிளாக் கிடைக்கும், பேண்ட்கேம்பில் தங்கைக்குப் பரிசாகவும் அனுப்பலாம். டெலிகிராமில் இலவசமாக வரும் கோப்புகளைப் பற்றி ஒன்றே ஒன்று: சட்டத்தை விடுங்கள், யாரோ ஏற்கெனவே கசக்கிய எம்பி3-யை ஃபிளாக் என்று பெயர் மாற்றித் தருபவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

வீட்டில் பதிந்த கேசட்டுகளை ஓட விடும்போது அப்பாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். யார் குரல், எந்த வருடம், யார் வீட்டு விசேஷம் என்று அவர் சொல்லச் சொல்ல, கோப்பின் குறிப்புப் பகுதியில் அப்படியே தட்டெழுதிவிடுங்கள். பிக்கார்ட் அதைத் தேடித் தராது.