அடைப்பை எடுத்த பிறகு குழந்தையின் கிட்னி சரியாகிவிடுமா?

மூன்று மாத மகனுக்கு மூத்திரக் குழாயில் இருந்த வால்வு அடைப்பை எடுத்துவிட்டார்கள், இனி கிட்னிக்குப் பயமில்லைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் மகனுக்கும் இதே அடைப்பை எடுத்தபோது நானும் இதையேதான் கேட்டேன். "அடைப்பு போய்விட்டதும்மா, கிட்னியை இனிமேல்தான் பார்க்கணும்" என்றார் டாக்டர். அன்று எனக்கு அது விளங்கவில்லை.

ஆண் குழந்தைகளுக்கு மட்டும் வரும் கோளாறு இது. கருவில் இருக்கும்போதே மூத்திரக் குழாயில் மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே நின்றுவிடுகிறது; அதைத்தான் வால்வு என்கிறார்கள். சிறுநீர்ப்பை முக்கி முக்கித் தடித்துப் போகிறது. அழுத்தம் மேலே ஏறி சிறுநீரகங்களும் வீங்குகின்றன. பிறக்கும் முன்பே சரியாக உருவாகாமல் போன பகுதியை எந்த ஆபரேஷனாலும் மீட்க முடியாது. சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்த என் மகனுக்குக் கதீட்டர், அதாவது சிறுநீரை வெளியே எடுக்கும் குழாய், போட்டதும் அதில் மாட்டிய பை நிறைந்துகொண்டே இருந்தது. நான் சந்தோஷத்தில் அழுதேன். நர்ஸோ மணிக்கொரு தடவை அளந்து, அதற்கு ஏற்றபடி சலைன் ஏற்றிக்கொண்டிருந்தார். அடைப்பு நீங்கியதும் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கத் தெரியாமல் கிட்னி கொட்டிவிடும், கவனிக்காவிட்டால் குழந்தை வறண்டுபோகும் என்று அப்புறம்தான் புரிந்தது.

இப்போது நீங்கள் கண்ணில் வைக்க வேண்டியது கிரியேட்டினின், அதாவது கிட்னி வெளியேற்ற வேண்டிய, ரத்தத்தில் அளக்கும் ஒரு கழிவு. முதல் வருடத்தில் அது எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்துத்தான் பின்னாளில் கிட்னி எப்படி இருக்கும் என்று கணிக்கிறார்கள். 0.8 mg/dL-க்குக் கீழே வந்தால் நல்ல அறிகுறி. எங்களுக்கு 0.9-ல் நின்றது. அதனால் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ஸ்கேன் எதையும் இன்றுவரை தள்ளிப்போட்டதில்லை.

சளி இருமல் இல்லாமல் காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே சிறுநீர் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். கிருமி கிட்னிக்கு ஏறினால் தழும்பு விழும். இருக்கிற கொஞ்சத்தையும் இழக்கக் கூடாது.

சிறுநீர்ப்பையையும் மறந்துவிடாதீர்கள். தடித்த பை முழுசாகக் காலியாகாது. என் மகன் ஒரு முறை போய்விட்டு, கொஞ்ச நேரம் நின்று, மறுபடியும் போவான். டாக்டர் பழக்கிவிட்டது.

அடுத்த தடவை போகும்போது, சவ்வு முழுக்கப் போய்விட்டதா என்று குழாய் விட்டு மறுபடி பார்ப்பார்களா எனக் கேளுங்கள். என் மகனுக்கு ஒரு துணுக்கு மிச்சம் இருந்தது. இரண்டாம் முறை அதையும் எடுத்த பிறகுதான், கால் கட்டைவிரல் மேலேயே விழுந்துகொண்டிருந்த மூத்திரம் தள்ளிப் போய் விழுந்தது.