பிரட்டில் பேர் கூப்பிடவில்லை என்றால் அது வேலைநீக்கமா?

கேள்வி: இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 22 வருடமாக வெளிக்களத்தில் வேலை செய்கிறேன். கத்தோலிக்கன். பிரதேச சபை உறுப்பினர், எங்கள் சங்கத்தின் தோட்டத் தலைவரும் நான்தான். கோயிலுக்குப் போகும் பாதையை நிர்வாகம் வேலி போட்டு மறித்ததையும், கொழுந்து நிறுக்கும்போது கிலோ வெட்டுவதையும் எதிர்த்துப் பெப்ரவரியில் தொழிற்சாலை வாசலில் போராட்டம் நடத்தினோம். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையோடு தள்ளுமுள்ளாகி என்மேல் பொலிஸ் முறைப்பாடும் இருக்கிறது. பெப்ரவரி 10 காலைப் பிரட்டில், அதாவது பேர் பதிந்து அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், என் பேரைக் கூப்பிடவில்லை. கேட்டதற்குப் பெரிய துரை (தோட்ட முகாமையாளர்), "இனி உனக்கு இங்கே பேர் இல்லை, போய் அரசியல் பண்ணு" என்றார். கடிதம் தரவில்லை. போராட்டத்தில் முன்னால் நின்ற பதினொரு பேரில் என்னை மட்டும்தான் நிறுத்தினார்கள். பெப்ரவரி 24இல் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தேன், இரண்டு தவணைக்கும் நிர்வாகம் வரவில்லை. பங்குத்தந்தை பேசிப் பார்த்தார். எம்.பி. அமைச்சரிடம் சொல்வதாகச் சொன்னார். இப்போது ஜூன் முடிகிறது. சிறுபான்மைக் கிறிஸ்தவன் என்பதற்காகவே பழிவாங்கினார்கள் என்று உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போடலாமா?

பதில்: போட வேண்டாம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராக மட்டுமே வழி தருகிறது. அதுவும் ஒரு மாதத்துக்குள். உங்களுக்கு நான்கு மாதம் தாண்டிவிட்டது. நிலம் அரசினுடையது, ஆகவே தோட்டமும் அரசு என்று மேடையில் பேசலாம். ஆனால் 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போய்விட்டது, உங்கள் துரை கம்பனியின் ஊழியர். ஜனவசம என்ற அரச தோட்ட நிறுவனமோ அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமோ இன்றும் நேரடியாக நடத்தும் தோட்டமாக இருந்தால் பேச்சு வேறு, அப்போதும் அந்த ஒரு மாதம் போய்விட்டது.

கோயில் பாதை, கிலோ வெட்டு, துரையின் வாய் எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். உங்கள் வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரு கேள்வியில்தான்: நிர்வாகம் உங்களை நீக்கியதா, நீங்களாக வேலைக்கு வராமல் நின்றீர்களா?

கடிதம் தராமல் விட்டது மறதியால் அல்ல. நீங்கள் போக வேண்டிய இடம் வேலைநீக்க வழக்குகளைக் கேட்கும் தொழில் நியாய சபை. அங்கே நிர்வாகம் "ஆம், நீக்கினோம்" என்று ஒப்புக்கொண்டால், நீக்கியது நியாயம் என்று நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில் விழும். அவர்கள்தான் முதலில் சாட்சி அழைக்க வேண்டும். "நாங்கள் நீக்கவே இல்லை, அவர் பிரதேச சபைக் கூட்டம், கட்சி வேலை என்று அலைந்து தானாகவே வேலையைக் கைவிட்டார்" என்று சொன்னால், நீக்கப்பட்டதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலைக்கு வந்துவிடும். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி யார்? அன்று பிரட்டுக்களத்தில் நின்றவர்கள். அவர்கள் இன்றும் அதே தோட்டத்து லயத்தில் (தோட்டம் கொடுத்த வரிசை வீடுகளில்) இருப்பவர்கள், மறுநாள் பேர் விழ வேண்டியவர்கள். இன்று உங்களோடு நிற்பவர் இரண்டு வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறுவார் என்று கணக்குப் போடாதீர்கள்.

உங்களைக் காப்பாற்றக்கூடியது நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன பெப்ரவரி 24 முறைப்பாடுதான். வேலையைக் கைவிட்டார் என்று சொல்ல வெறும் வராமை போதாது, திரும்பி வரும் எண்ணமே இல்லை என்பதையும் காட்ட வேண்டும். நீக்கியதாகச் சொல்லும் நாளிலிருந்து இரண்டு வாரத்தில் வேலை கேட்டு அரச அலுவலகத்துக்குப் போனவனுக்கு அந்த எண்ணம் இருந்தது என்று எப்படிச் சொல்வது? அந்த முறைப்பாட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதியையும், இரண்டு தவணைக் குறிப்புகளையும் இந்த வாரமே எடுத்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டில் என்ன எழுதினீர்கள் என்பதையும் வாசித்துப் பாருங்கள். சங்கக்காரர் எழுதிக் கொடுக்கும் முறைப்பாடுகளில் இரண்டு பக்கம் துரையைத் திட்டிவிட்டு, வேலை மறுத்த திகதியை மட்டும் விட்டுவிடும் பழக்கம் ஒன்று உண்டு.

அடுத்தது, தோட்ட முகாமையாளருக்கும் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கும் பதிவுத்தபாலில் ஒரு கடிதம். நான்கே செய்தி போதும்: பெப்ரவரி 10 காலைப் பிரட்டில் வேலை மறுக்கப்பட்டு வாய்மொழியாக நீக்கப்பட்டேன், 24ஆம் திகதி தொழில் அலுவலகத்தில் முறையிட்டேன், நான் வேலையைக் கைவிடவில்லை, இன்றும் வேலைக்குத் தயார். கோயிலும் கட்சியும் போராட்டமும் அதில் வேண்டாம். "நடந்ததை மன்னித்து மீண்டும் சேர்த்துக்கொள்ளவும்" என்ற வரி வரவே கூடாது, அது உங்கள் வாக்குமூலமாகக் கோப்பில் உட்கார்ந்துவிடும்.

இந்தக் கடிதம் போனதும் பெரும்பாலும் ஒரு பதில் வரும். உங்களை யாரும் நீக்கவில்லை, இன்ன திகதிக்குள் வேலைக்கு வராவிட்டால் கைவிட்டதாகக் கொள்வோம் என்று. தலைவர்கள் விழும் குழி இதுதான். நான்கு மாதம் அலைக்கழித்துவிட்டு இப்போது கூப்பிடுகிறானா, சம்பள பாக்கியை வைத்தால் வருகிறேன் என்று வீறாப்பாகப் பதில் எழுதுவார்கள், அல்லது சங்கத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்று திகதியைக் கடத்துவார்கள். அதோடு, வேலை கொடுத்தோம், வரவில்லை என்று நிர்வாகம் ஒரே தாளில் வழக்கை முடித்துவிடும். அந்தக் கடிதம் வந்தால் குறித்த நாளில் பிரட்டுக்குப் போங்கள். கவ்வாத்துக் கத்தியோடு போங்கள், கொடியோடு அல்ல. பேர் போட்டால் வேலை செய்யுங்கள், நிலுவைச் சம்பளத்தைப் பிறகு கேட்கலாம். திருப்பி அனுப்பினால் அன்றே பொலிஸ் நிலையத்தில் ஒரு பதிவு, அன்றே இன்னொரு பதிவுத்தபால்.

கெடுவுக்கு வருகிறேன். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம் இருக்கிறது. உங்களுக்கு அது ஆகஸ்ட் 9உடன் முடிகிறது. ஜூலை முடிவதற்குள் ஹட்டனில் கொடுத்துவிடுங்கள். தொழில் அலுவலக விசாரணை நடக்கும்வரை நாள் ஓடாது என்று அங்கே யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள். பங்குத்தந்தை பேசுவதும், எம்.பி. அமைச்சரிடம் சொல்வதும் ஒரு நாளைக்கூடக் கூட்டித் தராது. ஜூலையில் நிர்வாகம் எழுத்தில் ஒரு நீக்கக் கடிதம் தந்தாலும் அந்தத் திகதியிலிருந்து எண்ணாதீர்கள், பெப்ரவரி 10இலிருந்தே எண்ணுங்கள். அரசியல்வாதிகளுக்கு இதில் ஆபத்து அதிகம். சாதாரணத் தொழிலாளிக்குப் பேச ஆள் இல்லை, நேரே நியாய சபைக்கு வந்துவிடுகிறார். உங்களுக்குப் பேசித் தர ஆள் இருக்கிறது, அந்தப் பேச்சிலேயே மாதங்கள் போய்விடுகின்றன.

இன்னொரு பொறியும் அதே 31ஆ பிரிவில் இருக்கிறது. முதலில் வேறு சட்டப் பரிகாரத்தை நாடியவர் பிறகு நியாய சபைக்கு வர முடியாது. கட்சிச் சட்டத்தரணி உற்சாகத்தில் கொழும்பில் எதையாவது தாக்கல் செய்தால், ஹட்டனில் கம்பனியின் முதல் ஆட்சேபணை அதுவாகத்தான் இருக்கும். உங்கள் பெயரில் எங்கும் எதுவும் போடவில்லை என்பதைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

விண்ணப்பத்தில் திகதிகளை எழுதுமுன் பிரதேச சபையின் கூட்டக் குறிப்பையும் உங்கள் முகப்புத்தகப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ன நாள் காலை பிரட்டில் நின்றேன் என்று சத்தியம் செய்துவிட்டு, அதே நேரம் சபையில் ஒப்பமிட்டிருந்தாலோ ஹட்டன் நகரில் நேரலையில் பேசிக்கொண்டிருந்தாலோ வழக்கு குறுக்கு விசாரணையின் முதல் கால்மணி நேரத்திலேயே முடியும். கம்பனிச் சட்டத்தரணிகள் முகப்புத்தகத்தை நன்றாகப் பார்ப்பவர்கள். கடந்த மாதங்களில் சபைக் கூட்டத்துக்கு லீவு கேட்டு எழுதிய துண்டுகள் இருந்தால் தேடி எடுங்கள். இனிமேல் முகப்புத்தகத்தில் துரையைப் பெயர் சொல்லிக் கிறிஸ்தவ விரோதி என்று எழுதாதீர்கள். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது உண்மை, ஆனால் நட்டஈடு கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும் வழி மூடப்படவில்லை. மதத்தை வைத்துப் பகை மூட்டியதாக 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் கீழ் ஒரு முறைப்பாடும் வந்தால், சமூக உரிமைக்குப் பேசிய நீங்கள் பிணைக்காக அலைய நேரிடும்.

உள்ளக விசாரணை நடத்தாமல் நீக்கினார்கள், ஆகவே வழக்கு வென்ற மாதிரி என்று சங்கத்தில் சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லை. நியாய சபை சாட்சியத்தைப் புதிதாகவே கேட்கும், உள்ளக விசாரணை இல்லாதது மட்டும் நீக்கத்தை அநியாயமாக்கிவிடாது.

பொலிஸ் முறைப்பாட்டை நீங்கள் சிறிதாக எண்ணுகிறீர்கள். வேலை வழக்குக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. நீதவான் நீதிமன்றத்தில் தவணைக்குத் தவணை வந்து அலுத்துப்போய், சிறு தண்டப்பணம்தானே என்று குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் அதிகம். அந்தத் தீர்ப்பின் பிரதியை நிர்வாகம் நியாய சபையில் நீட்டினால், கணக்கப்பிள்ளையைத் தாக்கியது நிரூபிக்கப்பட்ட துர்நடத்தை ஆகிவிடும். 22 வருடச் சேவையும் அதன் முன்னால் எடைபோடாது. சிறு காய வழக்கு மத்தியஸ்த சபைக்குப் போகும். அங்கே இணங்குங்கள். இணக்கத்தில் "தாக்கியதற்கு வருந்துகிறேன்" என்று எழுத விடாதீர்கள். "இரு தரப்பும் சமாதானமாகிவிட்டோம், மேற்கொண்டு நடவடிக்கை இல்லை" என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். கணக்கப்பிள்ளையும் அதே லயத்துப் பக்கத்து மனிதர்தான், அவரோடு சமாதானமாவது வழக்கின் முக்கால்வாசி.

மதப் பாகுபாடு என்ற உங்கள் குறைக்கு நியாய சபையில் இடம் இருக்கிறது, நீங்கள் நினைக்கும் வடிவத்தில் இல்லை. பதினொரு பேர் முன்னால் நின்றார்கள், பத்துப் பேருக்கு மறுநாளும் பேர் விழுந்தது. இதை வருகையும் சம்பளமும் பதியும் செக்ரோலே சொல்லும். பெப்ரவரி மாதச் செக்ரோலை அழைப்பிக்க விண்ணப்பியுங்கள். ஒரே செயலுக்கு ஒருவருக்கு மட்டும் தண்டனை என்பது நீதியும் நியாயமுமான கட்டளைக்கு வலுவான காரணம். துரையின் மனதில் இருந்தது மதமா, சங்கமா, அரசியலா என்று நிரூபிக்கப் போய்த் திணற வேண்டாம். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 32அ பிரிவின் கீழ் தொழிற்சங்க நடவடிக்கை என்ற காரணத்துக்காக "மட்டுமே" நீக்கினால்தான் நேர்மையற்ற தொழில் நடைமுறை. தள்ளுமுள்ளு ஒன்று இருக்கும்வரை அந்த "மட்டுமே" உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

கையெழுத்து விஷயம். கையில் காசில்லாத நேரத்தில் தோட்ட அலுவலகத்தில் ஒரு படிவம் நீட்டப்படும்: ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியப் பணம் எடுக்கலாம், பணிக்கொடையும் தருகிறோம், இங்கே ஒப்பமிடுங்கள். "சேவையிலிருந்து விலகிய காரணம்" என்ற இடத்தில் "சுயவிருப்பம்" என்று எழுதியிருக்கும், அல்லது வெறுமையாக விட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான். அப்படி ஒப்பமிட்ட பிறகு நீக்கினார்கள் என்று சொல்லி எந்தச் சபைக்கும் போக முடியாது. பணிக்கொடை எங்கும் ஓடிப்போகாது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். மோசடி, கையாடல், தொழில்தருநரின் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம், அவருடைய பொருளுக்கு இழப்பு என்றால் மட்டுமே அந்த நட்டத்தின் அளவுக்கு வெட்டலாம். தள்ளுமுள்ளுக்காக ஒரு சதமும் வெட்ட முடியாது. 1,350 ரூபா நாட்சம்பளம் என்று வைத்தால் 22 வருடத்துக்கு 4,15,800 ரூபா. உங்கள் கடைசி நாட்சம்பளம் கூடுதலாக இருந்தால் அதைப் போட்டுப் பெருக்குங்கள்.

இந்தத் தொகையை ஏன் சொல்கிறேன் என்றால், சமரசத்துக்கு உட்காரும்போது "ஐந்து இலட்சம் நட்டஈடு" என்று கம்பனி தாராளமாக முன்வைப்பதில் நான்கு இலட்சத்துக்கு மேல் ஏற்கெனவே உங்களுடையது. பணிக்கொடை தனி, நட்டஈடு தனி என்று எழுதச் சொல்லுங்கள்.

சமரசமாகுங்கள் என்றுதான் நான் சொல்வேன். நியாய சபையில் வென்றாலும் கம்பனி மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். கடைசியில் கட்டளை உறுதியாகும்போது உங்களுக்குக் கவ்வாத்து வெட்டும் வயது தாண்டியிருக்கலாம். நிலுவைச் சம்பளம் இல்லாமல் மீண்டும் வேலை என்று அவர்கள் சொன்னால், மூன்று நிபந்தனையோடு ஏற்றுக்கொள்ளுங்கள்: சேவை முறியாமல் தொடர வேண்டும், குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு வார்த்தையும் இருக்கக் கூடாது, சமரசம் நியாய சபையின் கட்டளையாகப் பதிவாக வேண்டும், துரையின் அலுவலக மேசையில் எழுதிய தாளாக இருக்கக் கூடாது. சங்கத்தை விட்டு விலகினால் சேர்க்கிறோம் என்று கேட்டால் அதற்கு மட்டும் இணங்காதீர்கள், அப்படிக் கேட்பதே 32அ பிரிவு தடுக்கும் செயல். பிரதேச சபை உறுப்பினர் பதவியும் பேரத்தில் வைக்க வேண்டிய பொருள் அல்ல. விண்ணப்பத்தை உங்கள் பெயரிலேயே போடுங்கள். சங்கத்தின் பெயரில் போட்டால் சங்கத் தலைமைக்குக் கம்பனியோடு வேறு கணக்குத் தீரும் நாளில் உங்கள் வழக்கும் தீர்ந்திருக்கும்.

லயக் காம்பராவைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வரக்கூடும். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்களை யாரும் வெளியேற்ற முடியாது, ஆகவே பயந்து ஹட்டனில் வாடகை வீட்டுக்குப் போய்விடாதீர்கள். போனால் வேலையைக் கைவிட்டதற்கு அதையே அத்தாட்சியாகக் காட்டுவார்கள். உங்கள் மனைவியும் அதே செக்ரோலில் இருந்தால், கடிதத்துக்குப் பதிலை அவர் பெயரிலும் போடுங்கள்.