சுரைக்கொடியைப் பிடுங்க வேண்டாம்

மாடியில் வைத்த சுரைக்கொடி பத்து நாளாகப் பூத்துக் கொட்டுகிறது, ஒரு பிஞ்சுகூட இல்லை, பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து பிடுங்காதீர்கள். உங்கள் கொடிக்கு ஒரு குறையும் இல்லை.

சுரை, பீர்க்கு, பூசணி எல்லாமே முதலில் ஆண் பூக்களைத்தான் விடும். நீளமான மெல்லிய காம்போடு இருப்பவை அவை. பெண் பூ வந்தால் உடனே தெரிந்துவிடும். பூவுக்குக் கீழே விரல்நுனி அளவில் ரோமம் படர்ந்த குட்டிச் சுரைக்காய் இருக்கும். அதை முதன்முதலாகப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே சுரை போடலாம் என்பேன்!

சுரையில் பெண் பூக்கள் பக்கக் கிளைகளில்தான் அதிகம் வரும். அதனால் கொடி ஆறேழு அடி வளர்ந்திருந்தால் நுனியைக் கிள்ளிவிடுங்கள். யூரியா போடுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் பெருக்கும்.

அப்புறம், சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். இரவில் வரும் அந்துப்பூச்சிகள் மாடிக்கு வராமல் போகலாம். பெண் பூ மலர்ந்த அன்றே பொழுது சாய்ந்ததும் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பிடித்துக்கொண்டால் சில நாளிலேயே பிஞ்சு பருக்கும், சுமார் இரண்டு வாரத்தில் சமைக்கலாம். நகம் இறங்கும் பதத்தில் பறித்துவிடுங்கள், முற்றவிட்டால் அடுத்த பிஞ்சுகள் குறையும். சமைக்கும் முன் துளி வாயில் வைத்துப் பாருங்கள்; கசந்தால் சாப்பிடவே கூடாது.