சட்டனூகாவிலிருந்து ஹண்ட்ஸ்வில் வரை: முதல் தடவை கார் எடுக்கும் தம்பிக்கு

தம்பி, சட்டனூகாவுக்கு வேலைக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, டென்னசி லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது, ஒரு சனிக்கிழமை மனைவியோடு அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் இருக்கும் நண்பர் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். "நூறு மைல்தானே அண்ணா, மேப் போட்டுக்கிட்டுப் போயிடலாம்ல? வேற ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?" என்பது உங்கள் கேள்வி.

தாராளமாகப் போகலாம். சென்னையிலிருந்து புதுச்சேரி போகிற தூரம்தான், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அதற்குள் மூன்று மாநிலம், ஐந்து கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), இரண்டு நேரக்கணக்கு வந்து போகும். தூரம் குறைவு என்பதால்தான் புதிதாக வந்தவர்கள் எதையும் பார்க்காமல் கிளம்பிவிடுகிறார்கள். அதோடு, இந்த ரோட்டில் நின்று பார்க்க வேண்டியவை நிறைய. அவற்றைச் சொல்லாமல் வழி மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நேரம். சட்டனூகா கிழக்கு நேரம், ஹண்ட்ஸ்வில் மத்திய நேரம். ஐ-24 என்கிற இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையில் மேற்கே போய் மேரியன் கவுண்டிக்குள் நுழைந்ததும் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். நண்பர் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு என்றால் அது உங்கள் வீட்டில் ஒரு மணி. போகும்போது ஒரு மணி நேரம் கையில் மிச்சம். திரும்பும்போது அது அப்படியே போய்விடும். செல்போன் தானாக மாறிக்கொள்ளும், கார் கடிகாரம் பல வண்டிகளில் மாறாது. மேப் காட்டுகிற நேரம் போய்ச் சேருகிற ஊரின் நேரம். நண்பரிடம் பேசும்போதே "உங்க நேரமா, எங்க நேரமா" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வழி. ஹண்ட்ஸ்வில் என்று போர்டைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். ஐ-24 மேற்கில் நாஷ்வில் என்ற பெயரைத்தான் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஊரை விட்டு வெளியேறும் இடத்தில் லுக்அவுட் மலை ஒரு பக்கம், டென்னசி ஆறு மறுபக்கம். மொக்கசின் பெண்ட் என்கிற இடத்தில் ஆறு பெரிய வளைவாகத் திரும்பும், ரோடும் அதை ஒட்டியே வளையும். அகலப்படுத்த இடமே இல்லாத இடுக்கு அது, லாரிகளும் அதிகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வளைவில் மாட்டினால் அரை மணி நேரம் அங்கேயே போய்விடும். சனிக்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில் கிளம்பினால் சிரமம் இல்லை. வலது லேனிலேயே நிதானமாகப் போங்கள், பின்னால் வரும் லாரி எவ்வளவு நெருக்கினாலும் சரி.

வளைவு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோடு ஜார்ஜியாவுக்குள் போய்விடும். மாநில எல்லை 35ஆவது அட்சரேகையை வைத்து நேராக வரைந்தது. ரோடு மலைகளுக்கு நடுவே இடம் கிடைத்த பக்கம் போகிறது. நான்கு மைல் ஜார்ஜியாவில் ஓடிவிட்டு மறுபடி டென்னசிக்குள் வரும். அந்த நான்கு மைலுக்குள்தான் ஐ-59 பிரிகிறது. போர்டில் பர்மிங்காம் என்று இருக்கும். பர்மிங்காம் அலபாமாவில்தானே, நாமும் அலபாமாவுக்குத்தானே போகிறோம் என்று அந்தப் பக்கம் திருப்பிவிடாதீர்கள். அது மலைக்கு அந்தப் பக்கமாகத் தெற்கே இறங்கிப் போகும். நீங்கள் நாஷ்வில் பக்கமே இருக்க வேண்டும்.

அதன்பிறகு நிக்கஜாக் ஏரிப் பாலம் வரும். இரண்டு பக்கமும் தண்ணீர், அதற்கு மேல் மலை. உங்கள் மனைவி போட்டோ எடுக்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். பாலம் தாண்டி எக்ஸிட் 152இல் இறங்கி யூஎஸ்-72 மேற்கில் சேர வேண்டும். இங்கே எக்ஸிட் எண் என்பது மைல் கணக்கு. 152ஐ விட்டுவிட்டால் அடுத்தது 143, ஒன்பது மைல் தள்ளி. விட்டுவிட்டால் பதறாமல் அங்கே போய் இறங்கித் திரும்பி வாருங்கள். ஓரத்தில் நிறுத்தி ரிவர்ஸ் எடுப்பது உயிருக்கு ஆபத்து. 143ஐயும் விட்டால் மான்டீகிள் மலை ஏற்றம், அது முதல் நாள் ஓட்டுகிறவர்களுக்கான ரோடு இல்லை.

யூஎஸ்-72 வேறு மாதிரி ரோடு. நான்கு லேன், நடுவில் புல்மேடு, ஆனால் இன்டர்ஸ்டேட் கிடையாது. நடுவே திறப்புகள் இருக்கும். குறுக்குச் சாலையிலிருந்து வண்டிகள் நேராக உங்கள் முன்னால் கடக்கும். பக்கத்தில் கன்டர்ஸ்வில் ஏரி இருப்பதால் மீன்பிடிப் படகை இழுத்துக்கொண்டு வரும் பிக்கப் வண்டிகள் அதிகம். அவை ரோட்டைக் கடந்து முடிக்க நீங்கள் நினைப்பதைவிட நேரம் எடுக்கும். முன்னால் ஒரு பிக்கப் திறப்பில் நிற்பது தெரிந்தால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். ஊர் வரும்போது வேக வரம்பு சட்டென்று குறையும், குறைகிற இடத்தில்தான் போலீஸ் நிற்கும்.

போலீஸ் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பின்னால் நீல விளக்கு சுழன்றால் வலது ஓரத்தில் பத்திரமான இடம் பார்த்து நிறுத்துங்கள். வண்டியை விட்டு இறங்காதீர்கள். ஊரில் இறங்கிப் போய் "சார்" என்று பேசுவது மரியாதை. இங்கே இறங்கினால் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்வார்கள். கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் தெரிகிற மாதிரி வையுங்கள். டேஷ்போர்டுப் பெட்டியிலிருந்து காகிதம் எடுக்க வேண்டுமானால் சொல்லிவிட்டு எடுங்கள். உங்கள் மனைவியிடமும் இதைக் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவையுங்கள், பக்கத்தில் இருப்பவர் பதறிப் பையைத் துழாவினாலும் அதே சிக்கல்தான். இரண்டு பேருடைய ஐ-94 படிவமும், அதாவது இந்த நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவும், கையில் இருக்கட்டும். பதினெட்டு வயது தாண்டிய வெளிநாட்டவர் அந்தப் பதிவை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் சட்டம். வாடகைக் கார் என்றால் மாநிலம் தாண்டிப் போக ஒப்பந்தத்தில் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்று மாநிலத்திலும் ஓட்டும்போது போனைக் கையில் பிடிக்கக் கூடாது. ஜார்ஜியா 2018லும், டென்னசி 2019லும், அலபாமா 2023லும் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தன. அப்புறம் ஹாரன். யாராவது குறுக்கே வந்தாலும் ஆபத்து என்றால் ஒழிய அடிக்காதீர்கள், கை காட்டித் திட்டவும் வேண்டாம். இந்த மாநிலங்களில் அனுமதிச் சீட்டு இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ரோட்டுச் சண்டைக்கு நாம் போகவே கூடாது.

இனி நிற்க வேண்டிய இடங்கள்.

72இல் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சவுத் பிட்ஸ்பர்க் வரும். லாட்ஜ் இரும்புச் சட்டி செய்கிற ஊர் இதுதான், 1896இலிருந்து இங்கேயே வார்க்கிறார்கள். உங்கள் மனைவி ஊரிலிருந்து தோசைக்கல்லைத் தூக்கி வர முடியாமல் விட்டுவிட்டு வந்தார் என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு வழி இங்கே இருக்கிறது. கடையில் பத்தரை அங்குல வட்டக் கல் கேளுங்கள். விளிம்பு தாழ்வாக இருக்கும், தோசைத்திருப்பி வசமாக உள்ளே போகும். தாவர எண்ணெய் பூசிச் சூடேற்றித்தான் விற்கிறார்கள், அதனால் சைவக்காரர்கள் யோசிக்க வேண்டாம். ஆனால் மேல்பரப்பு நம் ஊர்க் கல் மாதிரி வழவழப்பாக இருக்காது. விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும். முதல் சில வாரம் நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்து, சப்பாத்தி, அடை என்று போட்டுப் பழக்குங்கள். அவசரப்பட்டு முதல் நாளே மெல்லிசாக வார்த்தால் ஒட்டிக்கொள்ளும். பழகிவிட்டால் ஓரம் முறுகலாக எழும்பி வரும். ஏப்ரல் கடைசி வார இறுதியில் இந்த ஊரில் சோளரொட்டித் திருவிழா நடக்கும், அன்றைக்குக் கூட்டம் தாங்காது.

அலபாமாவுக்குள் போய் பிரிட்ஜ்போர்ட், ஸ்டீவன்சன் தாண்டினால் மரங்களுக்கு மேலே இரண்டு பெரிய கோபுரங்கள் தெரியும். பெல்ஃபான்ட் அணுமின் நிலையத்தின் குளிரூட்டும் கோபுரங்கள். 1970களில் கட்டத் தொடங்கி 1988இல் நிறுத்திய வேலை. அங்கிருந்து ஒரு யூனிட் மின்சாரமும் வந்ததில்லை.

பிறகு ஸ்காட்ஸ்பரோ. இந்த ஊரைப் பற்றிப் பலரும் சொல்வது விமானங்களில் கேட்பாரற்றுப் போன பெட்டிகளை வாங்கி விற்கிற பெரிய கடை. 1970இலிருந்து நடக்கிறது, பார்க்கலாம். ஆனால் நான் உங்களைப் போகச் சொல்வது அங்கே இருக்கும் ஸ்காட்ஸ்பரோ பாய்ஸ் மியூசியத்துக்கு. பழைய சிறு தேவாலயத்தில் வைத்திருக்கிறார்கள், எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துவிட்டுப் போங்கள்.

1931 மார்ச் 25ஆம் தேதி சட்டனூகாவிலிருந்து மெம்பிஸ் பக்கம் போன சரக்கு ரயிலில் வேலை தேடிப் பல பேர் ஏறியிருந்தார்கள். வெள்ளைக்கார இளைஞர்களுக்கும் கறுப்பின இளைஞர்களுக்கும் சண்டை வந்தது. பெயின்ட் ராக் என்ற சின்ன ஊரில் ஆயுதங்களோடு கூடிய கூட்டம் ரயிலை நிறுத்தி ஒன்பது கறுப்பினப் பையன்களைப் பிடித்தது. ரயிலில் இருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்க் குற்றச்சாட்டு. ஸ்காட்ஸ்பரோவில் அவசர அவசரமாக விசாரணை நடத்தி எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு முறையான வக்கீல் உதவி கிடைத்தாக வேண்டும் என்று 1932இல் தீர்ப்பு. கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து ஒதுக்கிவைப்பது தவறு என்று 1935இல் இன்னொரு தீர்ப்பு. தண்டனை ரத்தாகாமலும் மன்னிப்பு கிடைக்காமலும் மிச்சமிருந்த மூன்று பேருக்கு அலபாமா மன்னிப்பு வழங்கியது 2013இல். அப்போது ஒன்பது பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

அந்த ரயில் பாதை இன்னும் இருக்கிறது. ஸ்டீவன்சனிலிருந்து நீங்கள் ஓட்டுகிற 72ஐ ஒட்டியேதான் போகிறது. ஸ்காட்ஸ்பரோ தாண்டினால் பெயின்ட் ராக் பெயர்ப்பலகையும் வழியில் வரும். இந்த நாட்டின் தென்பகுதிக்குப் பிழைக்க வந்திருக்கிறோம். இங்கே ஆபீசிலும் பக்கத்து வீட்டிலும் பழகப்போகிற மனிதர்களின் தாத்தா பாட்டி காலம் அது. நாம் போலீஸைப் பற்றிக் கவலைப்படுவதும் ஒரு கறுப்பின நண்பர் கவலைப்படுவதும் ஏன் ஒன்றில்லை என்பது அந்தச் சின்னக் கட்டடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் புரியும். மாலுக்குப் போகிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள் என்று வருகிற எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பாடு கவலை வேண்டாம், புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள். சைவம் என்றால் வழியில் கிடைப்பது பீன் புரிட்டோ மாதிரி ஒன்றிரண்டுதான்.

வானிலையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்ச் முதல் மே வரை, பிறகு நவம்பரிலும், இந்தப் பகுதியில் டொர்னாடோ வரும். 2011 ஏப்ரல் 27 அன்று வட அலபாமா பட்ட பாட்டை இங்கே இருப்பவர்கள் இன்றும் பேசுவார்கள். எச்சரிக்கையில் கவுண்டி பெயரைச் சொல்வார்கள்; புதிதாக வந்தவருக்கு தான் எந்தக் கவுண்டியில் இருக்கிறோம் என்றே தெரியாது. வரிசையாக ஹாமில்டன், டேட், மேரியன், ஜாக்சன், மாடிசன். ஒரு சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள். எச்சரிக்கை வந்தால் ரோட்டுப் பாலத்துக்கு அடியில் ஒதுங்காதீர்கள், காற்று அங்கே இன்னும் வேகமாக இழுக்கும். பக்கத்தில் கடையோ பெட்ரோல் பங்கோ இருந்தால் உள்ளே ஓடி, ஜன்னல் இல்லாத நடு அறையில் நில்லுங்கள்.

ஹண்ட்ஸ்வில்லுக்குள் 72 உங்களை ஐ-565இல் கொண்டுபோய்ச் சேர்க்கும். வழியிலேயே விண்வெளி மியூசியத்தின் 363 அடி ராக்கெட் நிற்கும். வெளியே நிற்பது மாதிரி வடிவம்தான், உண்மையான சேட்டர்ன்-5 கட்டடத்துக்குள் படுத்திருக்கிறது. அதற்கு மூன்று மணி நேரமாவது வேண்டும், விருந்து நாளில் சேர்க்காமல் இன்னொரு நாள் போங்கள்.

திரும்புவதற்குத்தான் கணக்குப் போட வேண்டும். நாலு மணிக்குக் கிளம்பினால் வீடு சேரும்போது ஏழு. டிசம்பரில் ஹண்ட்ஸ்வில்லில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். 72இல் விளக்குகள் கிடையாது, இருட்டுகிற நேரத்தில் மான் குறுக்கே வரும், கடைசியில் அந்த மலையடி வளைவு வேறு. நண்பர் வீட்டில் "இருங்க, காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்பார்கள். குடியுங்கள், ஆனால் குளிர்காலம் என்றால் அவர்கள் கடிகாரத்தில் இரண்டரைக்கு எழுந்துவிடுங்கள். எந்தச் சனிக்கிழமை என்று முடிவானதும் எனக்கு எழுதுங்கள், அன்றைக்கு ஐ-24இல் ரோடு வேலை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.