ஆப்-ஆம்ப் இன்டக்ரேட்டரில் கணக்கு சரியாக வருகிறது, அவுட்புட் மட்டும் ஏன் ஓரத்தில் போய் நின்றுவிடுகிறது?

நீங்கள் கட்டியிருப்பது இன்டக்ரேட்டர், அதாவது இன்புட்டை நேரத்தோடு கூட்டிக்கொண்டே போகும் சர்க்யூட்: 741 என்ற ஆப்-ஆம்ப் ஐசி, இன்புட்டிலிருந்து மைனஸ் காலுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், மைனஸ் காலிலிருந்து அவுட்புட்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், ±15 வோல்ட் சப்ளை. சதுர அலைக்கு முக்கோண அலை வராமல், சில நொடிகளில் அவுட்புட் 13 வோல்ட் பக்கம் ஏறி நின்றுவிடுகிறது என்கிறீர்கள். கல்லூரி லேபில் எனக்கும் இதேதான் நடந்தது. இரண்டு முறை ஐசியை மாற்றினேன். ஐசி நன்றாகத்தான் இருந்தது.

இந்த மாதிரி சர்க்யூட்டில் ஃபார்முலாவைத் தேடாதீர்கள், கரண்ட் எங்கே போகிறது என்று பாருங்கள். பிளஸ் கால் கிரவுண்டில் இருக்கிறது. ஃபீட்பேக் இருப்பதால் மைனஸ் காலும் கிட்டத்தட்ட 0 வோல்ட். 1 வோல்ட் கொடுத்தால் ரெசிஸ்டரில் 0.1 மில்லி ஆம்பியர் ஓடும். ஐசிக்குள் அதற்கு வழி இல்லை, முழுவதும் கெப்பாசிட்டருக்குத்தான் போகும். அப்போது அவுட்புட் மில்லி செகண்டுக்கு 1 வோல்ட் இறங்கும். ±1 வோல்ட், 1 கிலோஹெர்ட்ஸ் என்றால் அரைச் சுற்று 0.5 மில்லி செகண்ட். முக்கோணத்தின் மொத்த உயரம் 0.5 வோல்ட். உங்கள் கணக்கும் இதுதான், சரிதான்.

ஆனால் டிசிக்குக் (மாறாத வோல்ட்டுக்கு) கெப்பாசிட்டர் அறுந்த கம்பி மாதிரி. அங்கே ஃபீட்பேக்கே இல்லை. 741-இன் இன்புட்டில் ஓரிரு மில்லி வோல்ட் ஆஃப்செட், அதாவது ஐசிக்குள்ளேயே இருக்கும் சின்னப் பிழை வோல்ட், எப்போதும் இருக்கும். 2 மில்லி வோல்ட் என்றே வையுங்கள்: ரெசிஸ்டரில் 0.2 மைக்ரோ ஆம்பியர், அவுட்புட்டில் நொடிக்கு 2 வோல்ட். ஆறேழு நொடியில் 13 வோல்ட்!

கண்ணால் பார்க்க வேண்டுமா? இன்புட் ஒயரை கிரவுண்டில் செருகி, அவுட்புட்டில் மல்டிமீட்டர் வையுங்கள். கெப்பாசிட்டரின் இரு கால்களையும் ஒரு துண்டுக் கம்பியால் ஷார்ட் செய்துவிட்டு எடுங்கள். மீட்டரில் எண் மெல்ல நகர ஆரம்பிக்கும். சர்க்யூட் அந்த ஆஃப்செட்டைத்தான் உண்மையாகக் கூட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு இன்டக்ரேஷன் என்றால் என்னவென்று புரிந்தது அப்போதுதான்.

சரி, தீர்வு: கெப்பாசிட்டருக்கு இணையாக 1 மெகா ஓம் போடுங்கள். டிசி கெயின் (டிசியை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது) சுமார் 100-க்குள் அடங்கும், அந்த 2 மில்லி வோல்ட் அவுட்புட்டில் சுமார் 0.2 வோல்ட்டாக நின்றுவிடும். 1.6 ஹெர்ட்ஸுக்கு நன்றாக மேலே இருக்கும்வரை இன்டக்ரேஷன் கெடாது; உங்கள் 1 கிலோஹெர்ட்ஸுக்குத் தாராளம். பிளஸ் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 10 கிலோ ஓம் போட்டால் பயாஸ் கரண்டால் (ஐசியின் இன்புட் கால்களில் ஓடும் மிகச் சிறிய கரண்டால்) வரும் பிழையும் குறையும். 741-க்குப் பதில் டிஎல்081 என்ற ஆப்-ஆம்ப் போட்டால் பயாஸ் தொல்லை போகும், ஆஃப்செட் போகாது. அதனால் அந்த 1 மெகா ஓமை எடுத்துவிடாதீர்கள்.